இல்லாத முகவரிக்கு

"சார், இப்ப திரையில ரெண்டு கட்டம் தெரியுதா?" என்று கேட்டாள், போனில் இருந்த புது மெயில் கம்பெனிப் பெண்.

தெரிந்தது. தராசுக்காரர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார்.

பழைய மெயில் கம்பெனியை இன்றோடு இழுத்து மூடுகிறார்கள். தராசு பழுதுபார்க்கும் கடையின் பெயரிலேயே இருந்த மெயிலைப் புதிய கம்பெனிக்கு மாற்றியாக வேண்டும். காலையிலிருந்து இதே ரோதனை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்கென்று தனி முகவரி வைத்ததெல்லாம் மகள் காலேஜில் படித்தபோது செய்துகொடுத்த வேலை. தாயில்லாப் பெண். பத்து வயதிலிருந்து இந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"இனிமே அப்பான்னு ஒருத்தன் இல்லைன்னு நினைச்சுக்கோ" என்று வாசலில் நின்று சொன்னார். சொன்னதோடு விட்டாரா? போனில் அவள் எண்ணையும் தடுத்துவைத்தார். மனுஷனுக்கு அவ்வளவு வீராப்பு.

ஆனால் மெயிலை மட்டும் தினமும் பார்த்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதுதான் முதல் வேலை. அவளுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்று பக்கத்துக் கடை அச்சுக்காரரிடம் மூன்று வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அச்சுக்காரருக்குக் காது புளித்துவிட்டது.

இன்றைக்கு இந்த மாற்றலில் எங்காவது கோளாறாகி, அவள் எழுதும் நாளில் பார்த்து மெயில் வராமல் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா? கஸ்டமர் மெயில் எதுவும் தவறிவிடக் கூடாது என்று மட்டும் நாலு தடவை சொல்லியிருந்தார்.

திரையில் இருந்த கேள்வி இதுதான். இல்லாத முகவரிக்கு மெயில் வந்தால் என்ன செய்ய வேண்டும்? அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவா, இந்தப் பெட்டியிலேயே போட்டுவிடவா? பழைய கம்பெனியில் திருப்பி அனுப்புவதுதான் வழக்கமாம்.

"ரெண்டாவதைப் போடுங்க சார். கஸ்டமர் ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சாக்கூட உங்களுக்கு வந்துடும்."

போட்டார்.

மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மேஜையில் நகைக்கடைத் தராசு ஒன்று திறந்து கிடந்தது. நூறு கிராம் எடைக்கல்லை வைத்து, தட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, எண் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தார். தட்டிப் பார்க்காமல் எந்தத் தராசையும் அவர் நம்பியதில்லை.

மதியம் மெயில் வர ஆரம்பித்தது. முதலில், அவரே அவருக்கு அனுப்பிப் பார்த்த சோதனை மெயில். பிறகு ஒரு பேட்டரி விளம்பரம்.

மூன்றாவது மகளிடமிருந்து.

'அப்பா, வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. வழக்கம்போல இதுவும் ரெண்டு நிமிஷத்துல, அப்படி ஒரு முகவரி இல்லைன்னு திரும்பி வந்துடும். அந்தத் தைரியத்துலதான் எழுதறேன். பாப்பாவுக்கு இன்னியோட ஆறு வாரம். மூணு வாரமா எடை ஏறவே இல்லை. அதே மூணு கிலோ நானூறு. டாக்டர் முகத்தைப் பாத்தாலே பயமா இருக்கு. எனக்கு அந்த ஆஸ்பத்திரித் தராசு மேலதான் சந்தேகம். யாருமே தட்டிப் பாக்கலை. நீங்க ஒரு தடவை பாத்தா நல்லா இருக்கும்.'

தாத்தாவாகி ஆறு வாரம் ஆகியிருந்தது அவருக்கு.

எந்த முகவரிக்கு எழுதியிருக்கிறாள் என்று அப்புறம்தான் பார்த்தார். கடை முகவரிக்கு இல்லை. 'அப்பா' என்ற முகவரிக்கு.

காலேஜ் நாளில் அவள் இரண்டு முகவரி செய்து கொடுத்திருந்தாள். ஒன்று கஸ்டமர்களுக்கு. இன்னொன்று அவள் மட்டும் எழுதுவதற்கு. அவள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கே, வாசலில் சொன்னது போதாதென்று, அந்த இரண்டாவது முகவரியை அழித்தவர் அவர்தான். அழித்துவிட்டு, மற்றதைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருந்தார்.

வாரத்துக்கு ஒன்று. நூற்றைம்பது தடவையாவது அவருடைய கடை அவளுக்குப் பதில் போட்டிருக்கிறது, அப்பா என்று இங்கே ஒருவரும் இல்லை என்று.

ஐந்து நிமிடம் ஆனது. இந்தத் தடவை அவளுக்கு எதுவும் திரும்பிப் போகவில்லை.

இன்னொரு மெயில் வந்தது. ஒரே வார்த்தை.

'அப்பா?'

கடை முகவரியிலிருந்து பதில் எழுத அவருக்கு மனசு வரவில்லை. புதிய முகவரி உருவாக்கும் இடத்தை யார் உதவியும் இல்லாமல் தேடிப் பிடித்தார். பெயர் என்ற கட்டத்தில் 'அப்பா' என்று அடித்தார். பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தார்.

எடைக்கல் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக, ஒரு தராசு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மன்னிப்பு என்று ஆரம்பித்து அழித்தார். எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பித்து அதையும் அழித்தார். ஒற்றை விரலால் அடித்து அனுப்பினார்.

'எந்த ஆஸ்பத்திரி?'