தேய்ந்த மூடி

போடி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. சாய்ந்த வெயிலில் செம்புக் கம்பிச் சுருள்கள் மினுங்குகின்றன. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலிருந்து வந்த மோட்டார்களுக்கு நடுவே, மேசைமேல் ஒரு பேஸ் கிட்டார். முத்துப்பிரியாவின் இறந்துபோன அண்ணன் முத்துக்கண்ணனுடையது. கம்பிகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை ஒலியாக்கும் பிக்கப்புக்குள் இருப்பதும் செம்புக் காயில்தானே என்று நம்பி, புதிதாக வாங்கிய பிக்கப்புகளை மாட்டித் தரச் சொல்லிக் கொடுத்துப் போன அவள், இப்போது குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்து நிற்கிறாள். தடித்த கம்பியைச் சுண்டுகிறாள். பழைய இரைச்சல் இல்லை. ஒலி தெளிவாக வந்து நெஞ்சில் மோதுகிறது. அவளது பெருவிரல் மட்டும் புது பிக்கப்பின் வழவழப்பில் நிற்க இடமில்லாமல் வழுக்குகிறது.

"பழசு எங்கண்ணே?"

"அத உரிச்சுச் செம்ப எடுத்தாச்சு தங்கச்சி," என்கிறார் கடைக்காரர் அமாவாசை. "பழைய காயிலு எப்பவும் கடைக்குத்தான. வேணுங்கிறவுக குடுக்கும்போதே சொல்லிருவாக."

"மேல் மூடி?"

"ஒடைச்சாத்தான் காயில் வரும்."

"எங்கண்ணன் அதுமேலதான் பெருவிரல ஊனி வாசிப்பான். தேஞ்சு குழியாயிருக்கும். நானும் அதுலதான் வைப்பேன்."

அமாவாசை குனிந்து மேசைக்கடியில் இருக்கும் தகர டப்பாவைக் கவிழ்க்கிறார். கம்பித் துணுக்குகளுக்கிடையே கருப்புச் சில்லுகள் உதிர்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அவள் பெருவிரலை வைத்துப் பார்க்கிறாள். எல்லாமே ஓரம் குத்துகின்றன. கை சும்மா இருக்க முடியாமல் மறுபடி கம்பியைச் சுண்டுகிறது.

"சத்தம் நல்லாருக்குல்ல?" என்று தணிந்து கேட்கிறார்.

"நல்லாருக்குண்ணே," என்கிறாள். இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியை உள்ளங்கையால் அமுக்குகிறாள்.