இடிந்த மடத்தின் வடக்கு மூலை

“இந்தக் கட்டுரையை ஆர் எழுதித் தந்தது, அண்ணை?”

துர்க்கா நேரடியாகவே கேட்டாள். கனடாவின் ஸ்காபரோவிலுள்ள ஒரு கல்லூரியில் பெரியவர்களுக்கான சனிக்கிழமை வரலாற்று வகுப்பை அவள்தான் நடத்தினாள். எதிரே இருந்த மாணவர் கிளிபோட்டுக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட.

“நான்தான் எழுதினனான், மிஸ்.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதுவே அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் இடிந்து கிடக்கும் ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தின் வரலாறு அது. ஏழாம் நூற்றாண்டில் துறவிகள் கட்டியது, பிறகு கொள்ளையர் எரித்தது, கடைசியில் ஊரார் தங்கள் வீடுகளுக்குக் கல் பெயர்த்துக்கொண்டு போனது எல்லாம் புத்தகங்களோடு ஒத்துப்போயின.

ஒரு வரி மட்டும் இடித்தது. ‘கூரை போன அந்த மடத்துக் கோவிலில் வடக்கு மூலைக்கு மட்டும் காற்றும் வராது, மழையும் வராது.’ அவள் தேடிப் பார்த்த ஒரு புத்தகத்திலும் இது இல்லை.

“இது எந்தப் புத்தகத்தில இருக்கு?”

“புத்தகத்தில இல்லை மிஸ். எனக்குத் தெரியும்.”

“எப்பிடித் தெரியும்? கொழும்பில ஏறி நேரா டொரொன்டோவில வந்து இறங்கினனான் எண்டுதானே முதல் வகுப்பில சொன்னனீங்கள்?”

கிளிபோட் திறந்திருந்த கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஆதாரம் காட்டாட்டி நான் மேலிடத்துக்கு எழுதத்தான் வேணும். உங்களைக் கோர்ஸில இருந்து எடுத்துப்போடுவினம்.”

கிளிபோட்டின் முகம் வெளிறியது. இந்தக் கோர்ஸை முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பத்து வருடமாகப் பாத்திரம் கழுவும் வேலையை அவர் விடலாம். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நான் சொல்லுறது வெளியில போகக் கூடாது, மிஸ். என்னோட இன்னும் நாலு பேர் சம்பந்தப்பட்டிருக்கினம்.”

நாலு பேரா! வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான் எழுதி வாங்குகிறார்களோ என்று துர்க்காவுக்குக் கோபம் வந்தது. பேனாவை எடுத்தாள்.

“பெயரைச் சொல்லுங்கோ.”

“ரெண்டு பேருக்குப் பெயரே தெரியாது. மற்ற ரெண்டு பேரும் இப்ப எங்கயெண்டும் தெரியாது.”

“என்ன கதை விடுறீங்கள், அண்ணை?”

கிளிபோட் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“கனடாவுக்குக் களவாக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்கள் அஞ்சு பேரையும் பதினொரு நாள் அந்த வடக்கு மூலையிலதான் ஒளிச்சு வைச்சிருந்தவன், மிஸ்.”