வீட்டுக்காரி

"ஏடி ஐதென், கார் சத்தம் கேக்குதே... நம்ம வீட்டுக்கா?"

"இல்லம்மா, எதிர் வீட்டுக்கு."

"எதிர் வீட்டுக்காரி மூணு தடவை வந்துட்டா. நம்ம வீட்டுக்காரிக்கு மட்டும் கால்ல முள்ளா குத்திடுச்சு?"

படுக்கையிலிருந்து நாஜியேயின் குரல் வாசல்வரை வந்தது. மருத்துவர் கைவிரித்த பிறகும் அந்தக் குரலில் மட்டும் தெம்பு குறையவில்லை.

சைப்ரஸ் தீவின் குறுக்கே இருந்த எல்லையைத் திறந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். தெற்கிலிருந்து கிரேக்கர்கள் காலையில் வருவார்கள். போரின்போது விட்டு ஓடிய வீடுகளைப் பார்த்து அழுவார்கள். இரவுக்குள் திரும்பிப் போய்விட வேண்டும். அந்த வீடுகளில் இருபத்தொன்பது வருடமாகக் குடியிருப்பவர்கள், அதே போரில் தெற்கிலிருந்து தப்பி வந்த நாஜியே போன்ற துருக்கியர்கள்.

அடுத்தவர் பொருளை அனுபவித்தவள், உரியவர் வாயால் 'ஹலால்', அதாவது 'மனசார உனக்கே விட்டுக்கொடுத்தேன்' என்ற சொல்லைக் கேட்காமல் கண்ணை மூடக் கூடாது. நாஜியேவுக்கு இப்போது அந்த ஒரு கவலைதான்.

ஐதெனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே போய்க் கஞ்சியை ஆற்றுவாள். பாதியில் வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு ஓடுவாள்.

மதியம் ஒரு டாக்சி வந்து நின்றது. கிரேக்க விதவைகள் உடுத்தும் கறுப்பு உடையில் ஓர் அம்மாள் தனியாக இறங்கினாள். கண்கள் சிவந்திருந்தன. எலுமிச்சை மரத்தைப் பார்த்தபடியே கேட்டருகே வந்தாள்.

"மகளே, கொஞ்சம்..." என்று துருக்கி மொழியிலேயே தொடங்கினாள்.

"வாங்கம்மா, வாங்க! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" தெருவுக்கே கேட்கும்படி சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஐதென். "அம்மா! வீட்டுக்காரம்மா வந்துட்டாங்க!"

"இல்ல, நான்..."

"வெயில்ல நின்னு என்ன பேச்சு? உள்ள வாங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியலை. உங்க வாயால ஹலால்னு கேக்கத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

அந்த அம்மாள் ஐதெனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியேறினாள்.

நாஜியே எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வந்துட்டியா தங்கச்சி? உனக்காக வருஷா வருஷம் சுவருக்கு வெள்ளையடிச்சே என் இடுப்பு போச்சு."

"என்னக்கா செய்ய? இவங்க எல்லைக் கதவைத் திறந்தாத்தானே வர முடியும்?"

"நாம சாகறதுக்குள்ள திறந்தானுங்களே, அதைச் சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். சட்டென்று நாஜியேயின் சிரிப்பு நின்றது.

"உன் கிணத்துத் தண்ணியைக் குடிச்சேன். உன் எலுமிச்சையைப் பறிச்சேன். உன் கட்டில்ல இவளைப் பெத்தேன். எல்லாத்தையும் மன்னிச்சாலும் ஒண்ணை மன்னிக்க மாட்டே. வந்த வருஷம் பயங்கரக் குளிர். விறகு இல்ல. இவ கைக்குழந்தை. உன் பிள்ளையோட தொட்டிலை உடைச்சு அடுப்புல போட்டுட்டேன்."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். ஐதென் நகத்தைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"பிள்ளைக்குக் குளிரலையே?"

"இல்ல. அன்னிக்குத்தான் அழாம தூங்கினா."

"அப்புறம் என்னக்கா? தொட்டில் எதுக்கு இருக்கு, பிள்ளை தூங்கத்தானே? தண்ணி, எலுமிச்சை, கட்டில், தொட்டில்... எல்லாம் ஹலால். போதுமா?"

தன்னைவிட இளையவள் என்றும் பாராமல் நாஜியே அவள் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அப்படியே கண்கள் செருகின. பல நாளாக வராத தூக்கம்.

ஐதென் கேட்வரை கூட வந்தாள். அந்த அம்மாள் டாக்சியில் ஏறாமல் தயங்கினாள்.

"மகளே, என்னை மன்னிச்சிடு. இது என் வீடில்ல. என் வீடு அந்த மலைக்குப் பின்னால, பட்டாள முகாமுக்குள்ள மாட்டிக்கிச்சு. வேலிகிட்டயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. குடிக்கத் தண்ணி கேக்கத்தான் இங்க இறங்கினேன். உங்கம்மா ஆசையைப் பார்த்ததும் வாய் வரலை. நாளைக்கு நிஜமான வீட்டுக்காரி வந்து நின்னா என்ன பண்ணுவே?"

ஐதென் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க முதல் வாரமே வந்துட்டாங்கம்மா. அப்ப அம்மா தூங்கிட்டிருந்தாங்க. நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, போர்ல பிள்ளையை இந்த ஊர்லயே பறிகொடுத்தவங்க. 'அந்தச் சொல் மட்டும் என் வாயில வராது'ன்னுட்டுப் போயிட்டாங்க. அன்னியிலிருந்துதான், கறுப்பு உடுத்தின வேற யாராவது இந்தப் பக்கம் வர மாட்டாங்களான்னு வாசல்லயே நிக்கறேன்."