போதும் என்று சொல்லும் புரதம்

"பாருங்கோ, இன்னிக்கும் அவளைத்தான் முதல்ல கூப்பிடறா!"

பக்கத்தில் இருந்த பஞ்சாட்சரத்திடம் முணுமுணுத்தாள் கோமளம். மயிலாப்பூரின் அந்த மூட்டுவலி கிளினிக்கில் செவ்வாய்தோறும் காலையில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. அவருக்கு முழங்கால். அவளுக்கு விரல்கள்.

வடக்கு மாட வீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திப் பிழைக்கும் விரல்கள். இப்போதெல்லாம் விடிந்தால் வீங்கி விறைத்துக்கொள்கின்றன. 'ஏ'யைத் தட்ட வேண்டிய இடது சுண்டுவிரல் மடங்கவே மாட்டேன் என்கிறது. ஏற்கெனவே பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் கிளாஸ் பக்கம் நழுவுகிறார்கள். டீச்சரே தட்டிக் காட்ட முடியாவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் மட்டும் எதற்கு வருவார்கள்?

உள்ளே போனவள் பெயர் நஸ்ருன்னிசா. ராயப்பேட்டையில் ஜரிகை வேலை செய்கிறவள். கூப்பிடும்வரை பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணால பார்த்தேளா? ஊசி கோக்கறா! இந்த விரலுக்கு என்ன வியாதி?"

"பசி வியாதி மாமி," என்றார் பஞ்சாட்சரம். "வெளியே வரும்போது பாருங்க, கையில ஒரு முழு பிஸ்கட் பாக்கெட் இருக்கும்."

இருந்தது. முழங்கை மடிப்பில் பஞ்சு, கையில் பிஸ்கட் பாக்கெட். நர்ஸ் நீட்டிய தண்ணீரை வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் பக்கம் போனாள் நஸ்ருன்னிசா.

"தண்ணி வேண்டாமாம், பிஸ்கட் மட்டும் வேணுமாம்! இன்னிக்குக் கேட்டுடறேன்."

முறை வந்ததும் டாக்டர் மதுவந்தியிடம் கேட்டேவிட்டாள்.

"அடுப்பு பத்த வைக்கக் கை வராம வெறும் வயித்தோட வந்து உட்கார்ந்திருக்கேன். நன்னா இருக்கறவளுக்கு முதல் மரியாதையா? என்ன நியாயம் டாக்டர் இது? மூணு வாரமா, மாத்திரைக்கு முன்னால சாப்பிடுன்னு உங்க ஆயா ரெண்டு பிஸ்கட் குடுக்கறா. அந்த நன்றிக்குத்தான் இத்தனை நாள் வாயை மூடிண்டிருந்தேன்."

"எங்க ஆயாவா? பிஸ்கட்டா?" என்று விழித்தாள் டாக்டர். பிறகு கோமளத்தின் கையை எடுத்து, விரல்களை மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள்.

"உங்க ரத்தத்துல காவலுக்கு இருக்கிற அணுக்கள், எதிரின்னு நினைச்சு உங்க மூட்டையே அடிக்குது மாமி. அடி, அடின்னு ஏத்தி விடற புரதங்கள் நிறைய இருக்கு. 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற புரதமும் உண்டு. அதுல ஒண்ணுக்கு இன்டர்லூக்கின் பத்துன்னு பேர். தெருச் சண்டையில நடுவுல புகுந்து விலக்கி விடற ஆள் மாதிரி."

"எனக்குள்ள அந்த ஆள் இல்லையா?"

"இருக்கான். சத்தத்துல அவன் குரல் எடுபடல."

கோமளத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அவளுக்கு?"

"நஸ்ருன்னிசாவுக்கு உங்களைவிட மோசமா இருந்தது. ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது. அப்புறம் தணிஞ்சுடுச்சு. எப்படின்னு எங்களுக்கே புரியல. அவங்க ரத்தத்துல இந்தப் புரதம் நிறைய இருக்கு. அதுதான் காரணமான்னு பார்த்துக்கிட்டிருக்கோம். வெயில் ஏறுறதுக்குள்ள ரத்தத்தை ஐஸ்ல வெச்சு அடையாறு லேபுக்கு அனுப்பணும். அதனாலதான் அவங்க முதல்ல."

"இதை வெச்சு மருந்து பண்ணிடுவேளா?"

"வெளிநாட்டுல முயற்சி நடக்குது. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பலிச்சாலும் வருஷக்கணக்கா ஆகும்."

"அவளுக்கு என்ன லாபம் இதுல?"

"ஒண்ணுமில்ல. உடம்பு நல்லாயிட்டா யாரும் இந்தத் தெருப் பக்கமே திரும்ப மாட்டாங்க. இவங்க, 'எனக்குச் சும்மா கிடைச்சது, மத்தவங்களுக்கும் கிடைக்கட்டுமே'ன்னு வாராவாரம் வந்து கையை நீட்டறாங்க. நாங்க தர்றது ஒரு பிஸ்கட் பாக்கெட்."

கோமளம் வெளியே வந்தாள்.

"என்ன மாமி, பிடிச்சு உலுக்கிட்டீங்களா?" பஞ்சாட்சரம் கண்ணைச் சிமிட்டினார்.

கோமளம் பெஞ்சில் உட்கார்ந்து, மடங்காத விரல்களைப் பார்த்தாள். இந்த விரலுக்காக யாரோ ஒருத்தி ரத்தம் கொடுக்கிறாள் என்பதே வலிக்கு இதமாக இருந்தது.

ஆயா தேவானை வழக்கம்போல் காகிதத்தில் இரண்டு பிஸ்கட்டோடு வந்தாள். "இந்தாம்மா, துன்னுட்டு மாத்திரை போடு."

ஒன்றைக் கடித்த கோமளம் மற்றதைத் திருப்பி நீட்டினாள்.

"தேவானை, அடுத்த வாரத்துலேர்ந்து என் பங்கையும் அந்த நஸ்ருன்னிசாவுக்கே குடுத்துடு. ரத்தம் குடுக்கறவ, அவ சாப்பிடட்டும். பாவி நான், பிஸ்கட்டுக்கு வராள்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா சொன்ன போ! கிளினிக்ல ஏதும்மா பிஸ்கட்டு? இது அந்தம்மா பாக்கெட்டுதான். ரம்ஜான் நோன்பு, பச்சத்தண்ணி கூட பல்லுல படாது அதுக்கு. பின்னாண்ட வந்து என் கைல குடுத்துட்டுப் போவுது. நீ வாராவாரம் பெஞ்சுல பேசறதெல்லாம் அது காதுல வுழாமலா கீது? அப்பவும், 'அந்த டைப்பு டீச்சரம்மா வெறும் வயித்தோட வருது, அந்த வலி எனக்குத் தெரியும், மொதல்ல அதுக்குக் குடு'ன்னுதான் சொல்லிச்சு!"