அணில் செய்த ஒரே சிப்

காடெங்கும் கம்ப்யூட்டர் சிப் தட்டுப்பாடு. அணில் நடத்திய குட்டி சிப் கம்பெனியிலும் மூன்று மாதமாக ஒன்றுகூட வெளிவரவில்லை. ஆனால், "சிப்பே கிடைக்காத காலத்துல சிப் கம்பெனின்னா சும்மாவா?" என்று பங்கு விலை மட்டும் எகிறிக்கொண்டே போனது. அதில் பணம் போட்டிருந்த பெருச்சாளி குதித்தது. பல்லே இல்லாத கொக்குகூட வாயெல்லாம் பல்லாகத் திரிந்தது.

அணிலுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ராப்பகலாகப் பாடுபட்டு ஒரு சிப்பைச் செய்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடிவந்தது.

கொக்குக்கு வியர்த்துவிட்டது. "அடப்பாவி! தட்டுப்பாடு தீர்ந்துபோச்சுன்னு எல்லாரும் நினைச்சா நம்ம பங்கு என்னாகும்?"

பெருச்சாளி சிப்பைப் பிடுங்கி லபக்கென்று விழுங்கியது.

"நல்லவேளை, யாரும் பார்க்கல," என்று கொக்கு அணிலின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. "கம்பெனி பிழைச்சுது. இனிமேலாவது கையை வச்சுக்கிட்டு சும்மா இருப்பா!"