எல்லாருக்கும் பொதுவான ஆள்

கவுன்சில் அமைக்கும் இன நல்லுறவுக் குழுவில் தமிழருக்கு ஓர் இடம். எல்லாரோடும் ஒத்துப்போகிறவராக இருக்க வேண்டும். ஆறு மணிக்குள் பெயர் போகாவிட்டால் இடம் போய்விடும்.

செவன் கிங்ஸ் மண்டபத்தில் புலம்பெயர்ந்தோரின் மூன்று தமிழ்ச் சங்கங்கள் கூடின.

"தியாகராஜா அண்ணையைப் போடுவம்" என்றது முதல் சங்கம்.

"கோயில் பிரிஞ்சதில இருந்து அவர் எங்களோட கதைக்கிறேல்லை" என்றது இரண்டாவது.

"அப்ப சந்திரவதனா அக்கா?" என்றது முதல் சங்கம்.

"அவ உங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி. நாங்கள் விடமாட்டம்" என்றது மூன்றாவது.

ஐந்தரைக்கு, கூட்டக் குறிப்பு எழுத வந்த விதுஷா ஒரு பெயர் சொன்னாள். "மூண்டு சங்கத்தோடயும் கதைக்கிறது அவ ஒராள்தான்."

முதன்முறையாக எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மண்டபத்தைப் பூட்ட வந்த ஜமைக்காப் பெண்மணி மார்சியாவிடம், 'தமிழர் பிரதிநிதி' படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள்.