இன்னும் கொஞ்சம் சிரிங்க

பூங்காவில் நடந்துகொண்டிருந்த இன்சூரன்ஸ் ஏஜென்டை, கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவர் மடக்கினார்.

“சார், ஒரே ஒரு படம். நல்லா வாய்விட்டுச் சிரிங்க.”

சிரித்தே பாலிசி விற்கிறவருக்குச் சொல்லவா வேண்டும்? காது வரைக்கும் வாயை விரித்தார். பிறகுதான் சந்தேகம் வந்தது.

“இதுக்கு எவ்வளவு?”

“காசா? மனுஷங்களோட கள்ளமில்லாத சிரிப்பைப் பிடிக்கத்தான் கேமராவே வாங்கினேன். எல்லாம் ஒரு பொழுதுபோக்கு சார். விலாசம் குடுங்க, பெருசாப் போட்டு அனுப்பறேன்.”

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதரா என்று ஏஜென்ட் உருகிப் போனார்.

படம் வந்தது, ஜன்னல் அகலத்துக்கு. மனைவி அதைக் கூடத்தில் மாட்டி எட்ட நின்று பார்த்தாள். பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“ஏங்க, இந்த முன்பல்லு எப்பவுமே இப்படிக் கோணலாவா இருக்கு? மஞ்சளா வேற...”

“இங்க ஒரு சொத்தைப்பா,” என்று மகள் விரல் வைத்துக் காட்டினாள்.

அன்றோடு போயிற்று சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவரிடம் யார் பாலிசி எடுப்பார்கள்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பூங்காவுக்கு எதிரிலேயே இருந்த பல் மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே நடைப்பயிற்சி நண்பர்கள் நாலு பேர், கைக்குட்டையால் வாயை மூடியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே, வெள்ளைக் கோட்டில் அதே கேமராக்காரர்.

“நீங்களா? பொழுதுபோக்குன்னு சொன்னீங்களே.”

“அது பொழுதுபோக்குதான் சார்,” என்றபடி டாக்டர் விளக்கை அவர் முகத்துக்கு நேரே இழுத்தார். “பொழப்பு இது. எங்க, அன்னிக்கு மாதிரியே சிரிங்க.”